ஒரு வீட்டுக்கு ஒரு வரி

1986-ல் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்த அன்று எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் எண் கொடுத்தார்கள். "இனிமே நீங்கதாம்மா பி3" என்றார் தலைமை உதவியாளர். மதியத்துக்குள் தபால் வந்துவிட்டது. பகிர்மானப் பதிவேட்டில் பி3-க்கு நேரே ஏழு தாள்கள். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி, தன்பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் கொடுத்து, கோப்பு கட்டுவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

அந்த எண்ணைத்தான் எங்கள் அலுவலகங்களில் 'சீட்' என்போம். ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரி வகுத்துக் கொடுத்த அலுவலக நடைமுறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. உள்ளே வரும் எந்தத் தாளும் யாராவது ஒருவருடைய சீட்டில் போய் நிற்க வேண்டும். அது இன்று எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பதிவேட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரு தாளுக்கு ஒரு சொந்தக்காரர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த முறையில் உழைத்தவள் நான். அதன் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஏழை கொடுத்த மனு காணாமல் போகாமல் காத்தது அந்தப் பதிவேடுதான்.

ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதன் இன்னொரு முகத்தையும் பார்த்தேன். பெரியவர் ஒருவர் பட்டா மாற்றத்துக்கு வந்தார். தம்பியுடன் பாகம் பிரித்த நிலம். என் பக்கத்து மேசையில் கேட்டார். "உட்பிரிவு செய்யணும், அது சர்வே. என் சீட் இல்ல." நில அளவரிடம் போனார். "பத்திரத்துல எல்லை சரியில்ல, ரெஜிஸ்டர் ஆபீஸ் போங்க." அங்கிருந்து திரும்பி வந்தபோது அவர் சட்டைப்பையில் நான்கு துண்டுச் சீட்டுகள் இருந்தன. சொன்னவர்கள் எல்லாருமே சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் கடிந்து பேசவில்லை. ஆனாலும் மனிதர் அன்று வெறுங்கையோடுதான் கடைசிப் பேருந்து ஏறினார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு காரியம். அதை நாங்கள் நான்காக வெட்டி, வெட்டிய துண்டுகளை ஒட்டும் வேலையை அவர் தலையிலேயே வைத்திருந்தோம்.

துறை விட்டுத் துறை போய் ஒன்றாக வேலை செய்ய முடியும் என்பதை நான் முதலில் கண்டது தேர்தலில். 1996-ல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்து வாக்குப்பதிவு. ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு வாக்குப்பதிவு அலுவலராகப் போனேன். தலைமை வாக்குப்பதிவு அலுவலராக வந்தவர் ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். மற்றவர்களில் ஒருவர் பொதுப்பணித் துறை, ஒருவர் கூட்டுறவு. முதல் நாள் சாயங்காலம் வரை ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இரவு அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து அடுக்கினோம். விடியற்காலையில் வரிசை நிற்கத் தொடங்கியபோது, பத்து வருஷம் ஒரே அறையில் வேலை செய்தவர்களைப் போலக் கை மாற்றிக் கை மாற்றி வேலை ஓடியது.

எப்படி நடந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. தேர்தலுக்கு வேண்டிய ஊழியர்களைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்து உதவ வேண்டும் என்று அரசமைப்பின் 324-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த நாட்களில் நாங்கள் ஆணையத்தில் அயற்பணியில் இருப்பதாகவே 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கொள்கிறது. கையில் எழுத்து ஆணை இருக்கும். பயிற்சி வகுப்பு இருக்கும். யார் மை வைப்பது, யார் கையெழுத்து வாங்குவது, யார் முடிவெடுப்பது என்பதில் சந்தேகமே கிடையாது. பெட்டியையும் உறைகளையும் ஒப்படைத்து ரசீது வாங்கிய நிமிஷம் அந்தப் பணி முடிந்துவிடும். அதோடு, வாக்குப்பதிவு அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. என் மேசையில் எதுவும் குவியாது. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கூட்டம் நிரம்பி வழிந்த காலை நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழகம் முழுதும் இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு மாவட்டத்தில்தான் இறந்தார்கள்.

அப்போது நான் துணை வட்டாட்சியர், பக்கத்து மாவட்டம் ஒன்றில். திங்கட்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி வந்தது. "நாளைக்குக் காலையில நாகையில இருக்கணும்மா. ஆர்டர் பின்னாடி வரும்." என் மகள் பத்தாம் வகுப்பு. மாமியார், "நீ போ, இங்க நான் பாத்துக்கறேன்" என்று ஒரு பையில் இரண்டு புடவையும் சீரக வறுவலும் வைத்துக் கொடுத்தார். எழுத்து ஆணை வந்து சேர்ந்தது பதினொன்றாவது நாள்.

அந்த வாரம் நாகையில் நான் பார்த்ததை முழுதாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. அக்கரைப்பேட்டைப் பாலத்தின் மேல் படகுகள் கிடந்தன. சாலை ஓரமெல்லாம் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் வாடை. தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனை நாகைக்கு மாற்றியிருந்தார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம் இயங்கத் தொடங்கியது. அரசு ஊழியரும் தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகளும் ஒரே மேசையில் பட்டியல் சரிபார்ப்பதை என் பணிக்காலத்தில் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

எங்களை ஒரு மீனவர் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். ஏழு பேர். வருவாய்த் துறைக்கு நான். அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) ஒருவர். பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், மீன்துறை ஆய்வாளர், ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஒருவர், குடும்ப அட்டை வேலைக்கு உணவு வழங்கல் பிரிவிலிருந்து ஒருவர். பள்ளிக்கூட வாசலில் ஒரு பூவரச மரம் தப்பியிருந்தது. அதன் அடியில் இரண்டு பெஞ்சு.

முதல் இரண்டு நாள் நாங்கள் வேலை செய்த விதத்தை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. ஏழு பேரும் ஏழு படிவத்தோடு போயிருந்தோம். நான் இறந்தவர் பட்டியல் எடுத்தேன். பொறியாளர் இடிந்த வீட்டை எண்ணினார். மீன்துறை ஆய்வாளர் படகு, வலை. சுகாதார ஆய்வாளர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஒரே வீட்டு வாசலுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போய், ஒரே கேள்வியில் தொடங்கினோம். வீட்டில் யார் யார், யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் எனக்குப் பதில் சொல்லவில்லை. முப்பது வயது இருக்கும். மடியில் ஒரு பிள்ளை, தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை. என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: "எத்தன பேருட்டம்மா நான் சாவச் சொல்றது?"

நான் பேனாவை மூடிவிட்டேன். அன்று மதியம் பூவரச மரத்தடியில் ஏழு பேரும் உட்கார்ந்தோம். சுகாதார ஆய்வாளர் எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். அவர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எங்கிருந்தோ ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி வந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். குடும்பத் தலைவர், இறந்தவர், காணாதவர், குடும்ப அட்டை, வீடு, படகு–வலை, பள்ளிப் பிள்ளைகள், மருந்து, இப்போது தங்கும் இடம். "ஒரு வீட்டுக்கு ஒரு வரி" என்றார். "யார் போனாலும் எல்லாக் கட்டத்தையும் கேட்டுட்டு வந்துரணும். ரெண்டாவது ஆளு அந்த வாசலுக்குப் போகக் கூடாது."

அதற்குப் பிறகு நான் வலைக் கணக்கும் எழுதினேன். பொறியாளர் பிள்ளைகளின் தடுப்பூசி பற்றிக் கேட்டார். தெரியாததை ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுத்தோம். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஃபைபர் படகுக்கும் என்ன வித்தியாசம், எந்த வலை எந்த மீனுக்கு என்று மீன்துறைக்காரர் எனக்கு ஒரு மாலை முழுக்கச் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

மீனவ ஊர்களில் 'வரி' என்று ஒன்று உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் குடும்பமே ஊரின் கணக்கில் குடும்பம். அந்த வரி மணமான ஆண்களின் பெயரில் இருக்கும். நிவாரணப் பொருள் வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார் அந்த வரிப் பட்டியலை வைத்துத்தான் சமமாகப் பிரிப்பார்கள். அந்த ஒழுங்கு பல ஊர்களில் சண்டை வராமல் காத்தது உண்மை. ஆனால் ஆண் போய்விட்ட வீடு? "மேடம், ஊர் லிஸ்ட்டும் நம்ம லிஸ்ட்டும் ஒண்ணுன்னு எடுத்துக்காதீங்க. விதவைங்க விட்டுப்போயிருப்பாங்க" என்றார். வருவாய்த் துறையில் பதினெட்டு வருஷம் இருந்த எனக்கு இது தெரியாது. எங்கள் கையேடுகள் எதிலும் எழுதியிருக்கவில்லை. கடற்கரையிலேயே வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது.

நோட்டோடு ஊர்ப் பட்டியலை ஒத்துப் பார்த்தோம். விட்டுப்போன வீடுகள் வந்தன. என்னிடம் பதில் சொல்லாத அந்தப் பெண்ணின் வீடும் அதில் ஒன்று. கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக அந்தக் காத்திருப்பைப் பின்னர் அரசு தளர்த்தியது. ஆனாலும் காவல் நிலையத்தில் புகார், வருவாய்த் துறையின் விசாரணை, பிறப்பு இறப்புப் பதிவு, அதன் பிறகு வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு படியும் ஒவ்வொரு அலுவலகம். இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பெண் தனியாக ஏறியிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ. காவல் நிலையத்திலிருந்து ஒருவரைப் பூவரச மரத்தடிக்கே வரவழைத்தோம். வி.ஏ.ஓ. கிராமத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளரும்கூட. அவர் பதிவேடு அவர் கையிலேயே இருந்தது. விசாரணை வாக்குமூலத்தை நான் எழுதினேன். சாட்சி சொல்ல மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பெண் தன் வீட்டுச் சாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் சொல்ல வேண்டியிருந்தது.

மாலை ஏழு மணிக்குத் தினமும் கூடுவோம். நோட்டைத் திறந்து வரி வரியாகப் படிப்போம். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மூத்த அலுவலர் ஒன்பது மணிக்கு வருவார். எதை இங்கேயே முடிக்கலாம், எதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று நின்றபடியே சொல்வார். காலையில் எழுந்த கேள்விக்கு இரவே பதில் கிடைத்தது. பிப்ரவரியில் தற்காலிகக் குடியிருப்புகள் எழும்பின. தார் அட்டைக் கூரை. உள்ளே அனல். பிள்ளைகளுக்கு வேர்க்குரு என்று சுகாதார ஆய்வாளர் நோட்டில் எழுதி வைத்ததைப் பொறியாளர் அன்று இரவே படித்தார். மறுநாள் எழும்பிய வரிசையில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக ஒரு முழம் இடைவெளி விடச் சொன்னார். துறை வழியாக எழுதிப் போயிருந்தால் அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் கோடை முடிந்திருக்கும்.

எழுபது நாள். மார்ச்சில் அடுத்த குழு வந்தது. நோட்டை அவர்களிடம் கொடுத்தோம்.

திரும்பி என் அலுவலகத்துக்கு வந்தபோது மேசை மேல் எதையும் வைக்க இடமில்லை. நான் போன நாளிலிருந்து வந்த தபால் எல்லாம் என் சீட்டின் பெயரிலேயே பகிரப்பட்டிருந்தது. யாருக்கும் கூடுதல் பொறுப்பு தரவில்லை. முதியோர் உதவித்தொகை மனுக்கள், சாதிச் சான்று மேல்முறையீடுகள், நீதிமன்ற வழக்கு ஒன்றுக்கான பத்திவாரிக் குறிப்பு. அந்த வழக்கில் தேதி தவறிப்போயிருந்தது. இரண்டாவது வாரம் குறிப்பாணை வந்தது, ஒழுங்கு நடவடிக்கை விதி 17 ஏ-யின் கீழ் விளக்கம் கேட்டு. கோப்புகளைத் தாமதப்படுத்தியது, கடமையில் கவனக்குறைவு.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதியவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பதிவேட்டில் என் எண்ணுக்கு நேரே நிலுவை இருந்தது. பதிவேடு கேட்கும் கேள்வியைத்தான் அவர் கேட்டார். ஆனால் ஒரு முதியவளின் மனு இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்ததே என்றுதான் நெஞ்சு அடைத்தது. கடற்கரையில் ஒருத்தியின் காரியத்தைச் சீக்கிரம் முடித்தோம் என்று நிறைவோடு வந்திருந்தேன். அதே நாட்களில் இங்கே இன்னொருத்தி என் வெற்று நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள்.

விளக்கம் எழுதினேன். ஆணையின் நகல் இணைத்தேன். ஆணையின் தேதிக்கு முன்பே நான் பணியில் சேர்ந்திருப்பதாகச் சொல்லிப் பயணப்படிப் பட்டியல் திரும்பி வந்தது. பல மாதம் கடந்து குறிப்பாணை கைவிடப்பட்டது. பயணப்படியை நான் மறுபடி கேட்கவில்லை.

அப்போதுதான் இதைப் பற்றிய விதிகளை உட்கார்ந்து படித்தேன். அயற்பணி என்றால் அடிப்படை விதிகளில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. சம்பளம் யார் தருவது, விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் வரையறுத்திருக்கும். நாங்கள் 'மாற்றுப்பணி' என்று சொல்வது வேறு. சம்பளம் பழைய அலுவலகத்தில், வேலை வேறிடத்தில். பல நேரம் ஒரு தொலைபேசி அழைப்பிலோ ஒற்றை வரி ஆணையிலோ தொடங்கும், எப்போது முடியும் என்று எழுதியிருக்காது. அதன் தீமையையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிராமத்தில் ஒரு பணியிடம் நிரம்பியதாகப் பட்டியலில் இருக்கும், அந்த ஆள் வருஷக்கணக்கில் மாவட்டத் தலைநகரில் மாற்றுப்பணியில் இருப்பார். ஊர்க்காரர்கள் பூட்டிய கதவைப் பார்த்துப் போவார்கள். துறை தாண்டி ஆட்களை நகர்த்துவது நல்ல கருவி. கைப்பிடி இல்லாமல் கொடுத்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும்.

அந்தக் கைப்பிடி என்னவாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தெளிவு வந்தது. அதைச் செய்து பார்க்கும் நாள் பதிமூன்று வருஷம் கழித்து வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் டெல்டாவில் வட்டாட்சியர். விடிந்து ஜீப்பில் கிளம்பினால் பத்து அடி போக முடியவில்லை. சாலை முழுக்கத் தென்னை. புயல் தாக்கிய மாவட்டங்கள் எங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. தமிழகத்தின் எல்லாப் பக்கமிருந்தும், கேரளத்திலிருந்தும்கூட மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் படுத்து, ஊர்க்காரர்கள் வடித்துப் போட்ட சோற்றைத் தின்று, இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாஷை தெரியாத ஊரிலும் வேலை தெரிந்திருந்தது.

எங்களிடமும் வெளி மாவட்டங்களிலிருந்து வி.ஏ.ஓ.க்களும் நில அளவர்களும் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். வந்த அன்றே, அவர்கள் பையைக் கீழே வைப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்க ஆணை தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்கு செய்திதான். எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை. இங்கே யாருடைய சொல் முடிவு. உங்கள் சொந்த அலுவலகத்தில் உங்கள் பொறுப்பை இந்த நாட்களில் யார் பார்க்கிறார். பணி முடிந்ததும் அது உங்கள் பணிப்பதிவேட்டுக்கு எழுதி அனுப்பப்படும். மூன்றாவது செய்திக்காக ஒவ்வொரு ஊருக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். "அந்தத் தம்பி கிராமத்துக்கு யாரைக் கூடுதல் பொறுப்புல போட்டிருக்கீங்க?" சில இடங்களில் போடவே இல்லை. கேட்ட பிறகு போட்டார்கள்.

தென்னைக்கு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மரத்தை எண்ண வருவாய், வேளாண்மை இரண்டு துறையும் சேர்ந்து போக வேண்டும். நடைமுறையில் பட்டியலை ஒருவர் தயாரித்து, மற்றவர் மேசையில் கையெழுத்துப் போடுவது சுலபம். நான் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்பினேன். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

வட மாவட்டத்திலிருந்து வந்த வி.ஏ.ஓ. இளைஞர். அடங்கலும் புலப்படமும் அவர் கையில். வேளாண்மைத் துறையின் உதவி வேளாண்மை அலுவலர் அந்தப் பகுதியிலேயே பிறந்தவர். தோப்புக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். விழுந்த மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் எண் போட்டு வைத்திருந்தார். வி.ஏ.ஓ. சர்வே எண் சரிபார்த்து, மரத்தை எண்ணி எழுதிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. தோப்பின் கிழக்கு ஓரத்தில் பதினைந்து, இருபது மரம் நின்றுகொண்டிருந்தது. வி.ஏ.ஓ. அவற்றைத் தாண்டி நடந்தார்.

"தம்பி, கொஞ்சம் இருங்க" என்றார் வேளாண்மைக்காரர். தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். மட்டை பச்சையாகத்தான் இருந்தது. நடுக்குருத்து மட்டும் ஒரு பக்கமாகத் திருகிச் சாய்ந்திருந்தது. "தென்னைக்கு இருக்கறது ஒரே குருத்து மேடம். அது முறிஞ்சா மறுபடி வெடிக்காது. பாக்கப் பச்சையா இருக்கும், ஆறு மாசத்துல மொட்டையாயிரும். இது நிக்கிற பொணம்." வி.ஏ.ஓ. திரும்பி வந்து, அந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினேழு. பட்டியலில் ஏற்றி இருவரும் மரத்தடியிலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

தோப்புக்காரர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் போய், சாய்ந்த மரத்திலிருந்து எடுத்த இளநீரை வெட்டிக் கொண்டுவந்து முதலில் வேளாண்மைக்காரரிடம் நீட்டினார்.

நிலத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மரத்தைப் படிக்கத் தெரியாது. மரத்தைப் படிப்பவருக்குச் சர்வே எண் தெரியாது. இருவரும் அவரவர் சீட்டில் உட்கார்ந்து காகிதத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், நின்றுகொண்டே செத்த அந்தப் பதினேழு மரம் யாருடைய கணக்கிலும் வந்திருக்காது. துறைகள் சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பெரிய பெரிய கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதன் அர்த்தம் அந்தக் கிழக்கு ஓரத்தில் நின்று தலை நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு நிமிஷம்தான்.

குறித்த தேதியில் எல்லாரையும் பணிவிடுவித்தேன். இரண்டு பேரை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், வேலையும் இருந்தது. ஆனால் தேதியை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்கள் ஊரிலும் யாராவது ஒரு மூதாட்டி அவர்களுடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொருவர் அலுவலகத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுதினேன், இன்னார் இத்தனை நாள் இந்தப் பணியைச் செவ்வனே செய்தார், பணிப்பதிவேட்டில் பதிய வேண்டும் என்று.

ஓய்வு பெறும்போது ஓய்வூதியக் கருத்துருவுக்காக என் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊதிய உயர்வுகள், ஈட்டிய விடுப்பு, பதவி உயர்வுகள். 2004 டிசம்பர் கடைசியிலிருந்து 2005 மார்ச் வரை ஒரு பதிவும் இல்லை. அந்த எழுபது நாளும் நான் என் சீட்டிலேயே இருந்ததாகத்தான் அந்தப் புத்தகம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இனி அதில் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் இன்று பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது உண்டு. கூப்பிட்டால் போங்கள், உங்கள் சீட்டைத் தாண்டிப் போங்கள், தாண்டிப் போனால்தான் மனிதர்கள் முழுதாகத் தெரிகிறார்கள். அனுப்பும் இடத்தில் இருப்பவர்கள், அனுப்பும் முன் அந்த அரைப்பக்கத்தை எழுதிக் கொடுங்கள். அவர் விட்டுப்போகும் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வையுங்கள். அதற்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம்.

அந்த லாங் சைஸ் நோட்டு இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. ஒப்படைப்பதற்கு முந்தின இரவு கடைசியாக ஒரு முறை புரட்டினேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரே கண் நின்றது. இறந்தவர் கட்டத்தில் என் கையெழுத்து. படகு–வலையில் மீன்துறைக்காரரின் சாய்ந்த எழுத்து. மருந்துக்கு நேரே அண்ணனின் சிவப்பு மை. வீடு என்ற கட்டத்தில் பொறியாளர் பென்சிலில் போட்டிருந்த ஒரு சின்னச் சதுரம். ஓரத்தில் வி.ஏ.ஓ. எழுதிய பதிவு எண். ஒரே வரியில் ஏழு பேர் கையும் இருந்தது.